மொட்டை மாடிக்கு அடித்த வெள்ளை கூல் பெயிண்ட்: ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்த பிறகு

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் பார்க்க வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். மேல்தளத்தில் குடியிருந்து, தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளம்தான் என்றால் கண்டிப்பாக வாங்கலாம். ஆனால் வாளியின் மேல் போட்டிருக்கிற "10 டிகிரி வரை குளிர்ச்சி" என்பதை நம்பி ஏசியை விற்றுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அறைக்குள் சூடு இறங்கியது 2 டிகிரிதான். அந்த 2 டிகிரிக்குக் கொடுத்த காசு எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

பிழைப்புக்கு நான் செய்வது பருவநிலை ஆராய்ச்சி. இதை வெளியில் சொன்னால் வருகிற அடுத்த கேள்வி "நாளைக்கு மழை வருமா, லீவு விடுவாங்களா?" என்பதுதான். நாளைய மழை வேறு துறை, நான் பார்ப்பது முப்பது நாற்பது வருடச் சராசரி என்று விளக்குவதற்குள் கேட்டவர் போனை எடுத்து வெதர்மேன் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போயிருப்பார். எங்கள் அம்மாவும் அப்படித்தான். நான் பயன்படுத்தும் உலகப் பருவநிலை மாடல்களில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலம். அதில் ராயபுரமும் ஸ்ரீபெரும்புதூரும் பழவேற்காடும் ஒன்றுதான், மூன்றுக்கும் ஒரே வெயில், ஒரே மழை, பல மாடல்களில் அந்தக் கட்டத்தில் பாதி கடல் வேறு. இதை வைத்துக்கொண்டு 2050-ல் சென்னை எப்படி இருக்கும் என்று கட்டுரை எழுதலாம், எங்கள் வீட்டு மாடி அறையில் மதியம் ஏன் உட்கார முடியவில்லை என்பதற்கு ஒரு பதிலும் வராது.

செய்தியிலும் நமக்குக் கதி இல்லை. நுங்கம்பாக்கம் இவ்வளவு, மீனம்பாக்கம் இவ்வளவு என்று முடித்துவிடுவார்கள், பாலத்துக்கு இந்தப் பக்கம், வடசென்னையில் இருப்பவனுக்கும் வெயில் நுங்கம்பாக்கத்தில்தான் அடிக்கும். அந்த எண்ணும் புல்தரைக்கு மேல் நாலடி உயரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், நிழலில் எடுத்த காற்றின் வெப்பம். உலகம் முழுக்க அப்படித்தான் எடுக்க வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் வடசென்னையில் யாரும் புல்தரை மேல் வெள்ளைப் பெட்டிக்குள் குடியிருக்கவில்லை.

எங்கள் வீடு ராயபுரத்தில், கடலிலிருந்து நடக்கிற தூரம். கீழ்த்தளம் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை, செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. மேல்தளம் தொண்ணூறுகளில் அவசரமாக எழுப்பிய ஆர்சிசி. அஞ்சு அங்குலக் கான்கிரீட், கை தூக்கினால் ஃபேன் தட்டும். ஒரே வீட்டில் கீழே ஒரு ஊர், மேலே ஒரு ஊர். மே மாதம் அம்மா சமைக்க மட்டும் மேலே வருவார், மற்றபடி கீழேதான். நானும் என் கம்ப்யூட்டரும் மேலே.

பெயிண்ட் வாங்கியது மண்ணடிப் பக்கம் ஒரு கடையில். கடை பெயர் சொல்லப்போவதில்லை, காரணம் கீழே வரும். உள்ளே நுழைந்ததும் ஒரு செயல்விளக்கம் காட்டினார்கள். ஒரு கறுப்புத் தகடு, ஒரு வெள்ளை பெயிண்ட் அடித்த தகடு, மேலே ஒரு ஹாலோஜன் விளக்கு. கொரோனா நேரத்தில் எல்லோர் நெற்றியிலும் பிடித்தார்களே, அதே மாதிரி ஒரு துப்பாக்கித் தெர்மாமீட்டர். கறுப்பில் பிடித்தால் 70-க்கு மேல், வெள்ளையில் 45. "பாத்துக்குங்க சார், 25 டிகிரி வித்தியாசம்!" பையனின் உற்சாகத்தைப் பார்த்தால் மறுத்துப் பேச மனசு வரவில்லை. ஆனால் யார் வீட்டு மொட்டை மாடி கறுப்பு? பழைய சிமென்ட் தளம் சாம்பல் நிறம், அதுவே வெயிலில் கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஹாலோஜன் விளக்கும் சூரியனும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேல், அந்தத் துப்பாக்கி காட்டுவது தகட்டின் மேல்தோலின் சூடு, நாம் தகட்டின் மேல் படுக்கப் போவதில்லை, அதற்குக் கீழே அறையில் படுக்கப் போகிறோம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டப்பாவில் எஸ்ஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், வெயிலை எவ்வளவு திருப்புகிறது, வாங்கிய சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வது. நூறுக்கு மேல் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது புதுசாக அடித்த அன்றைக்கு. 3 வருடம் வெயிலும் மழையும் தூசும் பட்ட பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் தரத் தாளில் இருந்தால் நல்ல கம்பெனி, இல்லையென்றால் அடுத்த டப்பாவைப் பாருங்கள். "வெள்ளைன்னா எல்லாம் ஒண்ணுதானே" என்று சாதா எமல்ஷனை அடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு, அதனால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது மட்டும் போதாது. அதைவிட முக்கியம், சுவருக்கான பெயிண்ட் தரையில் தேங்கும் தண்ணீருக்கும் நடக்கும் காலுக்கும் தாங்காமல் ஒரு மழையிலேயே உரிந்து வரும்.

கூலியும் பெயிண்ட்டும் சேர்த்து எங்களுக்குச் சதுர அடிக்கு 30 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே ஆனது. கடைக்காரரே ஆள் அனுப்பினார். இங்கேதான் வம்பு. தளத்தை நன்றாகக் கழுவி, பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, ப்ரைமர், அப்புறம் இரண்டு கோட்டிங் என்பதுதான் பேச்சு. வந்தவர்கள் விளக்குமாறால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு டப்பாவைத் திறந்தார்கள். நிறுத்திக் கழுவ வைத்தேன். இரண்டாவது கோட்டிங்கில் கலந்த தண்ணீரைப் பார்த்தால் பால்காரரே கூச்சப்பட்டிருப்பார், பக்கத்தில் நின்று சண்டை போட்டுத்தான் சரியான பதத்தில் அடிக்க வைத்தேன். பெயிண்ட் மேல் எனக்குப் புகார் இல்லை, அடித்துக் கொடுத்த சேவைக்கு அரை நட்சத்திரம்கூடத் தர மனம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி இருந்தால் பெயிண்ட்டை மட்டும் கடையில் வாங்கி அவரிடம் கொடுங்கள். அடிக்க வேண்டிய நேரம் மாசி, பங்குனி. மழை ஈரம் தளத்தை விட்டுப் போயிருக்கும், அக்னி நட்சத்திரம் வந்திருக்காது. பனி உலர்ந்த பிறகு காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ அடிக்க வேண்டும், உச்சி வெயிலில் அடித்தால் சூடான தளத்தில் பட்ட உடனே காய்ந்து சரியாகப் பிடிக்காது.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன். அலுவலகத்தில் ஒரு ஈரப்பதமானி வாங்க வேண்டுமென்றால் மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டு அட்டவணை, வரிசையாகக் கையெழுத்துகள், கடைசியில் பொருள் வரும்போது அதை வைத்து அளக்க நினைத்த பருவமழை முடிந்திருக்கும். வீட்டுக்கு என்றதால் வெப்பத்தைத் தானே பதிந்து வைக்கும் சின்னச் சின்ன டேட்டா லாகர்களை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன், இரண்டாம் நாள் வந்துவிட்டது. ஒன்று எங்கள் அறையில், ஒன்று கூரையின் அடிப்பக்கம் ஒட்டியபடி, ஒன்று மாடியில் நிழலில். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே கொஞ்ச நாள் ஓடவிட்டேன். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "போன மாசம் வெயில் கம்மி, இந்த மாசம் ஜாஸ்தி. சூடு குறைஞ்சது பெயிண்ட்டாலயா இல்ல வானத்தாலயான்னு எப்படிடா சொல்லுவே?"

எங்கள் துறையில் கட்டுரை அனுப்பினால் பெயர் தெரியாத இரண்டு மூன்று பேர் படித்து ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அதில் இரண்டாமவர் எப்போதும் கொஞ்சம் கொடூரமானவர் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை. அம்மாவை அந்த வேலைக்கு எடுத்திருந்தால் துறை உருப்பட்டிருக்கும். ஒரு வெள்ளத்தைப் பார்த்து "இது பருவநிலை மாற்றத்தாலா, இல்லை எப்போதும் வருகிறதா" என்று பிரித்துச் சொல்வதற்கே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே நாங்கள் செய்வது மாற்றமே நடக்காத ஒரு பூமியைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. மாடிக்கு அது தேவையில்லை, பக்கத்து வீடு இருக்கிறது. ஒரே மேஸ்திரி, ஒரே வருடம், ஒரே அஞ்சு அங்குலக் கான்கிரீட், நடுவில் பொதுச் சுவர், பெயிண்ட் மட்டும் கிடையாது. அந்த அக்காவிடம் கேட்டு அவர்கள் மாடி அறையிலும் அதே செட்டை மாட்டினேன். "இது கேமரா இல்லியே தம்பி?" என்று ஒரு முறை உறுதிப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். எந்த நன்னெறிக் குழுவும் இவ்வளவு சீக்கிரம் அனுமதி கொடுத்ததில்லை.

மே மாதத்தில் ஒரு தெளிவான மதியம், ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. அக்கா வீட்டுச் சாம்பல் தளம் அதில் 750 வாட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது. புதிதாக வெள்ளை அடித்த எங்கள் தளம் 200 வாட் சுமாருக்கு. இது பெரிய வித்தியாசம். ஆளுக்கு ஒரு துப்பாக்கித் தெர்மாமீட்டர் கொடுத்தால் இரண்டு மணிக்கு அவர்கள் தளம் 60-ஐத் தொட்டிருக்கும், எங்களுடையது 42, 43. செருப்பில்லாமல் நடக்கலாம். ஆக விளம்பரத்தில் சொன்ன 10 டிகிரி பொய் இல்லை, உண்மையில் அதைவிட அதிகம். எந்த இடத்தில் என்று மட்டும் டப்பாவில் எழுதவில்லை.

தளத்துக்கு அடியில் வந்தால் கதை மாறும். கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து மெதுவாகக் கீழே விடும், மதியம் ஒரு மணி வெயில் சாயங்காலம் அஞ்சு ஆறு மணிக்குத்தான் கூரையின் அடிப்பக்கத்துக்கு வந்து சேரும். மாடி வீட்டுக்காரர்களுக்கு இது பாடமாகத் தெரியாது, உடம்பாகத் தெரியும்: சூரியன் போன பிறகுதான் அறை கொதிக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எங்கள் கூரை அடிப்பக்கம் அக்கா வீட்டைவிட 4, 5 டிகிரி குறைவு. அறைக் காற்று 2 டிகிரி குறைவு, சில நாள் அந்த வித்தியாசமே இன்னும் கொஞ்சம் கம்மி. ஏன் இவ்வளவு கரைந்துபோகிறது என்றால், வெயில் கூரை வழியாக மட்டும் வருவதில்லை. மேற்குச் சுவர் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் 38 டிகிரி ஊரே உள்ளே வருகிறது. கூரையைத் தடுத்தால் கூரையின் பங்குதான் குறையும்.

இந்த 2 டிகிரியைத்தான் நான் உயர்த்திப் பேசுகிறேன், அதற்குக் காரணம் உண்டு. என் வேலையில் பாதி நேரம் போவது ஒன்றரை டிகிரி என்றால் ஏன் பெரிசு என்று விளக்குவதில். 2015-ல் பாரிசில் உலக நாடுகள் கூடி, பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்க்க முயல்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2024-ஆம் ஆண்டின் சராசரி சுமார் 1.55 என்று உலக வானிலை அமைப்பு கணக்குச் சொன்னது, ஒரு வருடம் தாண்டியதாலேயே ஒப்பந்தம் முறிந்ததாக அர்த்தமில்லை, இருந்தாலும் தாண்டியாயிற்று. இதை ஒரு கல்லூரிக் கூட்டத்தில் சொன்னால் முன்வரிசையில் ஒருவர் சிரிப்பார்: காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி மாறுது, ஒன்றரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? சின்ன எண்ணைப் பெரிது என்று நம்ப வைப்பது என் தொழில். பெயிண்ட்காரர் தொழில் நேர் எதிர், மாடியின் பெரிய எண்ணைக் காட்டி அறையின் சின்ன எண்ணை விற்பது. அவருக்கு வியாபாரம் நடக்கிறது.

2 டிகிரி என்ன செய்தது என்று பாருங்கள். முதலில் உடம்பு காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை, சுற்றியுள்ள சுவரும் கூரையும் வீசுகிற அனலையும் சேர்த்துத்தான் உணர்கிறது. முன்பெல்லாம் ராத்திரி படுத்தால் தலைக்கு மேல் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி இருக்கும், ஃபேன் போட்டால் கூரையோரம் நின்ற அனல் முகத்துக்கே இறங்கும். கூரை 4, 5 டிகிரி குறைந்ததில் அது போய்விட்டது. லாகரில் காட்டுவது 2, உடம்புக்குத் தெரிவது அதைவிடக் கூட. அடுத்தது கரன்ட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு, ஒரு யூனிட் தாண்டினாலும் பில் எகிறும். ஏசியைச் சாயங்காலமே போடாமல் படுக்கும்போது போட்டால் போதும் என்றானதில் இந்தக் கோடை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றோம். போட்ட காசு எத்தனை கோடையில் திரும்பும் என்று கணக்குப் போட்டேன், மூன்றுக்குள் வந்துவிடும். அம்மா மே மாதச் சாயங்காலத்தில் மேலே வந்து சீரியல் பார்த்தார். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் வீட்டில் ஒருவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட முடிவு இது ஒன்றுதான்.

இப்போது பெயிண்ட்டால் முடியாதது. புழுக்கம். இதில் எந்தக் கம்பெனியும் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையின் கோடை, கடற்காற்றின் தயவில் ஓடுவது. பன்னிரண்டு மணி சுமாருக்குக் கடலிலிருந்து காற்று வந்துவிட்டால் வெப்பம் அதற்கு மேல் ஏறாது, மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுவாக இருந்து கடற்காற்றைக் கரைக்கே வரவிடாமல் நிறுத்தினால் 40-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, இன்றுவரை அங்கே அதுதான் உச்சம். கடல் பக்கத்தில் இருப்பதால் ராயபுரத்துக்குக் காற்று முதலில் வரும், அது ஒரு லாபம். அந்தக் காற்று கூடவே ஈரத்தையும் கொண்டுவரும், அது நஷ்டம். ராத்திரி ஒன்பது மணிக்கு 31 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 28 காட்டும். உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது, அந்த ஈரத்துணி வெப்பத்துக்குக் கீழே அதனால் போக முடியாது. அது 35-ஐத் தொட்டால் ஆரோக்கியமான மனிதன்கூட நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தாங்க முடியாது என்று 2010-ல் ஒரு கணக்கு வந்தது, பிறகு ஆய்வகத்தில் இளைஞர்களை உட்கார வைத்துப் பார்த்தபோது 31-ஐ ஒட்டியே உடம்பு தடுமாற ஆரம்பித்துவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி 7 சதவீதம் கூடும், பக்கத்தில் இருப்பதோ சூடாகிக்கொண்டே போகும் வங்காள விரிகுடா. மாடிக்கு எவ்வளவு வெள்ளை அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏசி இல்லாத வீடு என்றால் பெயிண்ட்டோடு ஒரு நல்ல ஃபேனுக்கும் எதிரெதிர் ஜன்னலுக்கும் காசு ஒதுக்குங்கள். ஏர் கூலர் வாங்கிவிடாதீர்கள், ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் தண்ணீரைத் தெளித்து என்ன ஆகப்போகிறது.

அழுக்கு. வடசென்னைக்காரர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கவும். வெள்ளை என்பது அடித்த அன்றைக்கு மட்டும் வெள்ளை. துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிப் புகை, எண்ணூர் மணலிப் பக்கத்திலிருந்து வரும் தூசு, கடல் உப்பு, காக்காய், எல்லாம் சேர்ந்து சில மாதத்தில் பழுப்பாக்கிவிடும். இது இப்போது எவ்வளவோ தேவலை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் மாடியில் காயப்போட்ட வேட்டியை எடுத்து உதறினால் கரி பறக்கும், 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எங்கள் கஷ்டம் அப்படியே வடக்கே நகர்ந்தது என்று சொல்லலாம், எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் இந்தப் பெயிண்ட் வந்திருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்காது. இப்போது, அழுக்கேறிய தளம் 80 சதவீதத்துக்குப் பதில் 60 சதவீதம் வெயிலைத் திருப்பினாலும் பழைய சிமென்ட்டைவிட லாபம்தான். மார்ச்சில் ஒரு முறை நைலான் பிரஷ் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது, ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்தைப் பொறுத்தவரை ஒரு நல்லது, ஒரு கெட்டது. சின்ன விரிசல்களை இந்தப் பூச்சு மூடிவிடுவதால் கூரையில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மூலை நின்றது. ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் பெயிண்ட் கொப்புளித்து உரிந்திருக்கிறது, வாட்டம் சரியில்லாத மாடி என்றால் முதலில் வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பாசி பிடித்தால் வழுக்கும், அதுவும் அந்த வெள்ளையில் பச்சை நன்றாகத் தெரியும், அந்த அளவுக்கு உதவிதான். 2015 டிசம்பர் மழையையோ 2023-ல் மிக்ஜாம் கொண்டுவந்து கொட்டியதையோ மனதில் வைத்து, இது வாட்டர் ப்ரூஃபிங் வேலையையும் சேர்த்துப் பார்க்குமா என்று கேட்டால், பார்க்காது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்ணீர் வந்தது கூரை வழியாக இல்லையே.

எதிர்பார்க்காத பக்கவிளைவு ஒன்று, வடாம். தளம் சூடேறாததால் வடாம் காய ஒரு நாள் கூட எடுக்கிறது. இதற்கு இயற்பியல் விளக்கம் சொன்னேன், அம்மா கேட்கவில்லை, "ஒரு ஓரத்துல மட்டும் அடிக்காம விட்டிருக்கலாம்ல" என்றார். அப்புறம் கண் கூச்சம். மதியம் மாடிக்குப் போனால் கண்ணைத் திறக்க முடியாது. எதிரில் மூன்று மாடி வீட்டின் ஜன்னலில் எங்கள் வெளிச்சம் போய் விழுகிறது, அவர்கள் வந்து "உங்க வெயில எங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்க" என்றார்கள். ஒரு வகையில் நியாயம். மாநாடுகளில் நாடுகள் ஒன்றையொன்று பார்த்துச் சொல்வதும் இதுதான். ஒரு திரைச்சீலையில் தீர்ந்துபோனது.

இதை ஒரு கட்டுரையாக எழுதலாமே என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். ஒரு கூரை, ஒரு கோடை, ஒரு பக்கத்து வீட்டு அக்கா. எந்த ஆய்விதழும் எடுக்காது. பெரிதாகச் செய்யலாம் என்று தெருவில் ஐம்பது வீட்டுக்கு ஒரு திட்டம் எழுதி நிதி கேட்டேன். வந்த பதிலில் முதல் பத்தி, இது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த விஷயம், புதுமை இல்லை. மூன்றாம் பத்தி, இந்தச் சூழலில் இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் போதாது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள். தெரிந்த விஷயம் என்பது சரிதான். அகமதாபாத்தில் 2010-ல் வந்த கொடும் வெப்ப அலைக்குப் பிறகு 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டு, அப்புறம் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே கொள்கை கொண்டுவந்தது. இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்தது எங்கள் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில், வெப்பமயமாதலைக் கணக்குப் போடும் மெஷின்கள் சூடாகிவிடக் கூடாது என்று வருடம் முழுக்க ஏசி ஓடுகிற இடம், ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது.

காசு இல்லை என்றால் என்ன செய்வது? நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடியுங்கள். செலவு இதில் ஒரு சின்னப் பங்கு, முதல் கோடைக்குப் பலன் கிட்டத்தட்ட இதே அளவு. ஐப்பசி மழையில் கரைந்து போகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். மாடியில் கீற்றுக் கொட்டகை போடுவது இதைவிட நல்லது, நிழல் விழுந்தால் தளத்துக்கு வெயிலே இல்லை, ஆனால் தீபாவளிக்கு நிம்மதி இல்லை. கூலிங் டைல்ஸ் நல்லதுதான், விலை இரண்டு மூன்று மடங்கு. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் இதில் எதுவும் வாங்க வேண்டாம், உங்களுக்கு மேலே நாங்கள் இருக்கிறோம்.

உண்மையில் இந்தப் பெயிண்ட்டுக்கு ஏற்ற வீடு எங்களுடையது இல்லை, ஷீட் போட்ட வீடு. காசிமேட்டில் மீன் ஏலம் விடியலுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும், அந்த வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து தூங்குவது பகலில். அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உச்சத்தில் கொதிக்கும் நேரத்தில், அதற்கு அடியில். கான்கிரீட் சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், ஷீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, மேலே வாங்கியதைக் கீழே உடனே கொடுத்துவிடும். மிச்சமிருந்த பெயிண்ட்டை எங்களுக்குத் தெரிந்த மீன்கார அக்காவின் போர்ஷன் மேல் அடித்தோம் (ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன், தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவி அடித்தால் போதும்). பக்கத்துப் போர்ஷனில் மதியம் ஷீட்டின் அடிப்பக்கம் 50-ஐத் தாண்டியபோது இங்கே 40 பக்கம் நின்றது. டப்பாவில் சொன்ன 10 டிகிரி தலைக்கு மேலேயே கிடைத்த ஒரே வீடு.

அந்தப் போர்ஷன்களின் ஓனர் வந்து பார்த்தார். ஷீட்டைக் கீழே இருந்து தொட்டுப் பார்த்தார், பக்கத்துப் போர்ஷனுக்கும் போய்த் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் விளக்கினேன், எஸ்ஆர்ஐ முதல் அகச்சிவப்பு வரை, பொறுமையாகக் கேட்டார். "அப்போ இத்த அட்ச்சா வாடகைல ஒரு ஐநூறு ஏத்தலாம்ன்ற, அப்டித்தான சார்?" என்றார். ஏத்தாம அடிங்க, மற்ற எல்லாப் போர்ஷனுக்கும் சேர்த்து நாலு வாளிதான் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். மாசியில் பார்க்கலாம் என்கிறார். மாசியில் அடித்தால்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதை மட்டும் நான் சொன்னதில் சரியாகப் பிடித்துக்கொண்டார்.